டியூட்டி சார்ட் போடும் மூத்த மருத்துவர்களுக்கு

தென்காசி, செங்கோட்டை தொடங்கி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரை அரசு மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் துறைத் தலைவர்களாக, கண்காணிப்பாளர்களாக, யூனிட் சீஃப்களாக இருக்கும் என் மூத்தவர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் நடந்த நம் மருத்துவர் சங்கக் கூட்டத்தில் இளம் மருத்துவர்கள் வேலையை விட்டுவிட்டுப் போவதைப் பற்றிப் பேச்சு வந்தது. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அர்ப்பணிப்பு கிடையாது. நாங்களெல்லாம் தொடர்ந்து 36 மணி நேரம் டியூட்டியில் நின்றோம், ஒரு வார்த்தை பேசவில்லை" என்று ஒருவர் சொன்னார். பாதி மண்டபம் தலையாட்டியது. என்னிடம் பதில் இருந்தது. ஆனால் வயிற்றில் கை வைத்து மண்ணீரலைத் தொட்டுப்பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். மைக்கைப் பிடித்து ஐந்து நிமிடத்தில் பேசித் தீர்க்கிற விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை. அதனால் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. இரவு 3 மணிக்கு நாம் யாரை நிறுத்திவைத்திருக்கிறோம் என்பது நம்மிடம் வரும் நோயாளிகளுக்கும் தெரிய வேண்டும்.

நான் சொல்ல வந்தது இதுதான். இளையவர்களுக்கு நோயாளிமேல் அக்கறை குறைந்துவிடவில்லை. நம் காலத்தில் அந்த அக்கறையைத் தாங்கிப் பிடித்த பல விஷயங்கள் மருத்துவமனைகளை விட்டு ஒவ்வொன்றாகப் போய்விட்டன. அவற்றில் சிலவற்றை அரசுதான் திருப்பித் தர முடியும். வேறு சில, மாதக் கடைசியில் டியூட்டி சார்ட் எழுதும் உங்கள் கையிலேயே இருக்கின்றன.

நீங்கள் நின்ற 36 மணி நேரத்தைக் குறைத்துப் பேச எனக்கு வாயில்லை. மின்சாரம் போன லேபர் வார்டில் டார்ச் வெளிச்சத்தில் பிரசவம் பார்த்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். காய்ச்சல் காலத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்களுக்கு நடுவே குத்துக்காலிட்டு டிரிப் போட்டவர்கள் இருக்கிறீர்கள். ஆனால் அன்றைய இரவும் இன்றைய இரவும் ஒரே மாதிரி இரவுகள் இல்லை. அன்றைக்குப் பக்கவாதத்தோடு வந்தவரை வார்டில் சேர்த்துவிட்டு, காலையில் சீஃப் வந்து பார்ப்பார் என்று எழுதிவைக்க முடிந்தது. அதற்கு மேல் செய்ய மருந்தும் கிடையாது. இன்றைக்குக் கை கால் விழுந்த 4.5 மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் போட முடியுமா என்று முடிவு செய்தாக வேண்டும். அதற்குள் சிடி எடுக்க வேண்டும், சர்க்கரை பார்க்க வேண்டும், ரத்த அழுத்தம் கூடியிருந்தால் இறக்க வேண்டும், ஊசியால் மூளையில் ரத்தம் கசியவும் வாய்ப்புண்டு என்று வீட்டாருக்குப் புரியும்படி சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். நெஞ்சுவலி என்று வந்தால் 10 நிமிடத்தில் ஈசிஜி எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு மணிக்கு மணி கணக்கு எழுத வேண்டும். "ரெண்டு மணிக்கு மேல் வார்டு அடங்கிவிடும், பெஞ்சில் கொஞ்சம் சாய்வோம்" என்று நீங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படி அடங்குகிற இரவு இப்போது அபூர்வம். மருத்துவம் வளர்ந்தது நல்லது. அது கொண்டுவந்த வேலை அத்தனையும் இரவு டியூட்டியில் நிற்கும் ஒருவர் தலையில் விழுந்திருக்கிறது.

எழுத்து வேலையும் அப்படித்தான். 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மருத்துவ சேவையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது உங்களில் பலர் ஏற்கெனவே டாக்டர்களாகிவிட்டிருந்தீர்கள். இன்றைய இளையவர்கள் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு பிறந்தவர்கள். கேஸ் ஷீட்டில் எழுதும் ஒவ்வொரு வரியும் நாளைக்கு வழக்கறிஞர் கையில் இருக்கலாம் என்று சொல்லித்தான் அவர்களை வளர்த்திருக்கிறோம். அந்த வரியை எழுதுபவரோ யூனிட்டிலேயே கடைசி ஆள். அதற்கு மேல் காப்பீட்டுத் திட்டத்துக்கான பதிவு, கர்ப்பிணிகளுக்கான பிக்மி பதிவு, சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளின் கணக்கு, வாட்ஸ்அப் குழுவில் உடனே கேட்கப்படும் புள்ளிவிவரம். நோயாளியோடு பேசும் நேரத்தைவிடத் திரையைப் பார்க்கும் நேரம் கூடிவிட்டது என்று என் ஜூனியர்கள் சொல்வது சாக்கு இல்லை. பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

வேலைக்கு வெளியே இருந்த தாங்கல்களையும் யோசித்துப் பாருங்கள். உங்கள் காலத்தில் வெறும் எம்பிபிஎஸ் படித்தவர் ஊருக்கு டாக்டர். சந்தைக்குப் போனால் வணக்கம் சொல்ல ஆள் இருந்தது. பலருக்குச் சில ஆண்டுகளில் நிரந்தர அரசு வேலை கிடைத்தது. 2014 வாக்கில் நாடு முழுதும் சுமார் 51,000 ஆக இருந்த எம்பிபிஎஸ் இடங்கள் இன்று ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. பிஜி எனும் மேற்படிப்பு இடங்கள் அந்த அளவுக்கு இல்லை. இடையில் மாட்டிக்கொண்டவர் பகலில் தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டர், இரவில் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் மாணவர். இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்களில் பலர் மருத்துவமனையில் 36 மணி நேரம் நிற்க முடிந்ததற்கு, வீட்டில் ஒருவர் அதே 36 மணி நேரமும் நின்றார். பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்குக் கண் ஆபரேஷன், கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொண்டார். இன்றைக்கு வார்டில் நிற்பவர்களில் நிறையப் பேர் அந்த வீட்டையும் நடத்தும் பெண்கள். அவர்களின் கணவர்களில் பலரும் வேறோர் ஊர் மருத்துவமனையில் டியூட்டியில் இருப்பவர்கள்.

வேலையிலேயே ஆள் எரிந்து தீர்ந்துபோகும், நாம் பர்ன் அவுட் என்று பேச்சுவழக்கில் சொல்லும் இந்த நிலையைப் பற்றி 1974-இல் எழுதியவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். நியூயார்க்கில் ஓர் இலவச கிளினிக்கில் வேலை பார்த்தபோது கண்டதை வைத்து எழுதினார். யார் இதில் விழுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு அவர் சொன்ன பதில், தன்னை முழுதாகக் கொடுத்து உழைக்கிறவர்கள் என்பதுதான். அர்ப்பணிப்பு இல்லாதவருக்கு வரும் நோய் என்று அவர் எழுதவில்லை. 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் இதை அளப்பதற்கு ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார்கள். மனம் வற்றிப்போவது, எதிரே இருப்பவரை மனிதராகப் பார்க்க முடியாமல் போவது, தான் செய்வதில் பயனில்லை என்று தோன்றுவது ஆகிய மூன்றையும் அது தனித்தனியாக அளக்கிறது. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் இதைச் சேர்த்தபோது நோய் என்று சேர்க்கவில்லை. வேலை செய்யும் இடத்தில் தீர்க்கப்படாமல் நீளும் அழுத்தத்தின் விளைவு என்று சேர்த்தது. அப்படியென்றால் மருந்தும் வேலை செய்யும் இடத்தில்தான் இருக்கிறது. யோகா வகுப்பு வையுங்கள் என்று சொல்லி நாம் முடித்துக்கொள்ள முடியாது.

எனக்கு நிறைய விளங்கவைத்தது 2001-இல் டெமரூட்டி, பாக்கர், நாக்ரைனர், ஷாஃபெலி ஆகியோர் வெளியிட்ட ஆய்வு. வேலைப்பளு கூடினால் ஆள் களைத்துப்போகிறார். துணை இல்லாமல் போனால் ஆள் விலகிப்போகிறார். இந்த இரண்டும் வேறு வேறு என்று அவர்கள் கண்டார்கள். துணை என்று அவர்கள் சொல்வது, மேலிருப்பவர் தரும் ஆதரவு, செய்த வேலையைப் பற்றிய நல்ல வார்த்தை, தன் வேலையில் தனக்குக் கொஞ்சமாவது முடிவெடுக்கும் உரிமை போன்றவற்றை. சங்கக் கூட்டத்தில் நீங்கள் "ஒட்டுதல் இல்லை" என்று சொன்னது இந்த இரண்டாவதை. அது பளுவால் மட்டும் வருவதில்லை, துணையில்லாமல் வருகிறது. களைத்தவரை ஒரு நாள் தூக்கம் திருப்பிக் கொண்டுவரும். விலகியவரை அது கொண்டுவராது.

இங்கே ஒரு மருத்துவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை, தமிழக-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றும் சொல்லப்போவதில்லை. மலையடிவாரத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி ஐந்து நாள் காய்ச்சலோடு வந்திருந்தார். டெங்கு இல்லை, டைஃபாய்டு இல்லை, தட்டணுக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. முந்தைய நாள் காலையில் டியூட்டிக்கு வந்து இன்னும் வீட்டுக்குப் போகாத அந்த இளம் மருத்துவர், திரையை இழுத்துவிட்டு, நர்ஸை அருகில் வைத்துக்கொண்டு, பெண்மணியின் உடம்பு முழுதும் பார்த்தார். பாவாடை நாடா இறுகும் இடத்தில் கறுத்து உலர்ந்த ஒரு சிறு புண் இருந்தது. சிறு உண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல். அந்த நிமிடமே அதற்கான மருந்து டாக்ஸிசைக்ளினை ஆரம்பித்தார். பெண்மணி பிழைத்து வீட்டுக்குப் போனார். அந்தப் புண்ணைத் தேடாமல் விட்டிருந்தால் நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டு ஐசியுவில் முடிந்திருக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும். மறுநாள் ரவுண்ட்ஸில் அந்த மருத்துவருக்குக் கிடைத்தது காப்பீட்டுப் படிவத்தில் ஒரு கட்டம் விட்டுப்போனதற்கான ஏச்சு. நோயாளிகளுக்கும் நர்ஸ்களுக்கும் நடுவே, உரத்த குரலில். புண்ணைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் அவர் போய்விட்டார். அவருக்கா அர்ப்பணிப்பு இல்லை?

வயதைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். அமெரிக்காவில் மருத்துவர்களைப் பணிக்காலத்தின்படி மூன்றாகப் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2013-இல் வந்தது. நோயாளியை மனிதராகப் பார்க்க முடியாமல் போகும் நிலையும், வீட்டுக்கும் வேலைக்குமான இழுபறியும் தொடக்கக் காலத்தவரிடம் அதிகம். மனம் வற்றிப்போவது நடுக்காலத்தவரிடம் அதிகம். கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள்தான் ஒப்பீட்டளவில் நிறைவாக இருந்தார்கள். "பார்த்தாயா, நாங்கள்தான் திடமானவர்கள்" என்று இதைப் படிக்கலாம். ஆனால் கடைசிக் கட்டம்வரை வந்தவர்களை மட்டுமே அந்தக் கட்டத்தில் எண்ண முடியும். உங்கள் வகுப்புப் புகைப்படத்தை எடுத்துப் பாருங்கள். பாதியில் பிராக்டீஸை விட்டவர், வெளிநாடு போய்த் திரும்பாதவர், குடியில் அழிந்தவர், ஐம்பதில் மாரடைப்பில் போனவர், கல்யாணத்துக்குப் பிறகு ஸ்டெதாஸ்கோப்பை அலமாரியில் வைத்துவிட்ட தங்கப் பதக்கக்காரி என்று எத்தனை பேர்? அவர்கள் யாரும் நம் சங்கக் கூட்டத்தில் எழுந்து "எங்களால் முடியவில்லை" என்று சொல்ல வரப்போவதில்லை. தாங்கியவர்கள் பேசுகிறோம், அதனால் எல்லோரும் தாங்கினார்கள் என்று தோன்றுகிறது.

நடுவில் நிற்கும் என் வயதுக்காரர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. மேலிருந்து வரும் கோபத்தைக் கீழே கொண்டுபோவதும், கீழிருந்து வரும் கண்ணீரை மேலே தெரியாமல் பார்த்துக்கொள்வதும் எங்கள் வேலையாகிவிட்டது. நாங்கள் சத்தம் போடாமல் களைத்துக்கொண்டிருக்கிறோம். உங்களிலும் களைத்தவர்கள் இருக்கிறீர்கள். சுற்றுவட்டாரத்துக்கே ஒரே மயக்கவியல் மருத்துவராக இருபது வருடம் நின்றவர் களைக்காமல் எப்படி இருப்பார்? ரவுண்ட்ஸில் தெறிக்கும் கோபத்துக்கு நாம் கண்டிப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். அதில் எவ்வளவு கண்டிப்பு, எவ்வளவு ஓய்வில்லாத ஆண்டுகளின் கசப்பு என்று யாராவது உங்களிடம் அன்போடு கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் கேட்கிறேன், சார். நான் கேட்கிறேன், மேடம்.

நம் எல்லைப் பகுதிக்கு வருகிறேன். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். கோடு மாறினாலும் நோயாளிகளின் போக்குவரத்து மாறவில்லை. இந்தப் பக்கத்தவர்கள் பெரிய நோய் என்றால் பாளையங்கோட்டைக்கும் போகிறார்கள், திருவனந்தபுரத்துக்கும் போகிறார்கள். தென்மலை, குளத்துப்புழை, புனலூர் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து அங்கே குடியமர்த்தப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. அங்குள்ள ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பெண்ணுக்கு, தமிழ் தெரியும் என்பதே தனி டியூட்டி. மற்ற யூனிட்டில் தமிழ் பேசும் நோயாளி வந்தாலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். புற்றுநோய் என்று வீட்டாருக்குச் சொல்வதற்குக்கூட. இந்தப் பக்கம் வேலை பார்க்கும் மலையாளப் பிள்ளைகளுக்கும் இதே கதை. இந்த வேலை எந்த சார்ட்டிலும் ஏறுவதில்லை.

நமக்கு இரண்டு சீசன் உண்டு. ஆனி, ஆடியில் குற்றாலம், கார்த்திகை, மார்கழியில் சபரிமலை. பாறையில் வழுக்கி விழுந்தவர், குடித்துவிட்டு அடித்துக்கொண்டவர், கணவாய்ச் சாலையில் கவிழ்ந்த வேன், மாலை போட்டுப் போகும் வழியில் மூச்சு முட்டிய பெரியவர் என்று அவசர சிகிச்சைப் பிரிவான காஸுவாலிட்டி நிரம்பும். கூட்டம் வருவது ஆறு மாதம் முன்பே தெரியும். ஆனாலும் சார்ட் மட்டும் மற்ற மாதங்களில் இருப்பதுபோலவே இருக்கும். தென்காசி மாவட்டமாகி 2019-இலிருந்து ஆண்டுகள் போயும் இங்கே அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. சமாளிக்க முடியாத கேஸ் என்றால் 50 கிலோமீட்டர் தாண்டி திருநெல்வேலி போக வேண்டும். அனுப்பலாமா, வைத்திருக்கலாமா என்ற முடிவு பல இரவுகளில் 24 வயதுக்காரர் ஒருவரின் முடிவு.

புளியரை சோதனைச் சாவடியில் லாரி ஓட்டுநரை ஊதச் சொல்கிறோம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவில் வழக்கு. 1997-இல் நேச்சர் இதழில் வெளிவந்த டாசன், ரீட் ஆய்வின்படி, 24 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் கை, கண், கவனம் எல்லாம் 100 மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராம் மது இருப்பவரின் அளவுக்குத் தடுமாறுகின்றன. சட்டம் அனுமதிப்பதைப்போல மூன்று மடங்கு. அந்த லாரி ஓட்டுநருக்கு 1961-இலேயே நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று சட்டம் வந்துவிட்டது. அவர் விபத்தில் அடிபட்டு வந்தால் தையல் போடும் நம் ஹவுஸ் சர்ஜனுக்கு, அதாவது படிப்பின் கடைசியில் இருக்கும் பயிற்சி மருத்துவருக்கு, அது இல்லை. 2004-இல் பாஸ்டனில் ஐசியுவில் பணியாற்றிய பயிற்சி மருத்துவர்களை வைத்து நடத்திய ஆய்வில், 24 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து நிற்கும் பழைய முறையில் கடுமையான தவறுகள் 36 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். தவறு செய்தவர்கள் சோம்பேறிகள் இல்லை. விழித்திருந்தவர்கள்.

நம் நாட்டிலும் எழுதிவைக்காமல் இல்லை. மருத்துவமனையில் பணிபுரிந்துகொண்டே பயிற்சி பெறும் ரெசிடென்ட் மருத்துவர்களுக்காக மத்திய அரசு 1992 ஜூனில் வெளியிட்ட ரெசிடென்சி திட்டம், தொடர் பணி நாளொன்றுக்குப் பொதுவாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும், ஜூனியர் ரெசிடென்ட் வாரத்துக்குச் சாதாரணமாக 48 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. அப்போது ரெசிடென்ட்களாக இருந்தவர்கள் இன்று துறைத் தலைவர்கள். அந்த உத்தரவு உங்கள் தலைமுறைக்காக எழுதப்பட்டது, உங்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காததை அடுத்தவருக்கும் கொடுக்காமல் இருப்பதுதான் வழக்கமாகிவிட்டது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 பிஜி விதிகள் "நியாயமான நேரம்" என்று சொல்லி எண்ணைச் சொல்லாமல் விட்டன. 2024-இல் அதே ஆணையத்தின் மனநலப் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஒரு நாள் விடுப்பு கட்டாயம் என்று பரிந்துரைத்தது. அந்தக் குழுவின் ஆய்வில் பதில் சொன்ன 5,000-க்கும் மேற்பட்ட பிஜி மாணவர்களில் 31 சதவீதம் பேர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். பத்துப் பேர் கொண்ட நம் யூனிட்டில் மூன்று பேர். யார் அந்த மூன்று பேர் என்று நமக்குத் தெரியுமா?

பயத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2012 ஜனவரியில் தூத்துக்குடியில் மயக்கவியல் மருத்துவர் சேதுலட்சுமி வெட்டிக் கொல்லப்பட்டபோது சேர்ந்துதான் தெருவில் நின்றோம். 2023 மே 10 அதிகாலையில் நம் இதே சாலையில் இருக்கும் கொட்டாரக்கரையில், போலீஸ் சிகிச்சைக்கு அழைத்துவந்த ஆள் குத்தியதில் ஹவுஸ் சர்ஜன் வந்தனா தாஸ் இறந்தார். அந்த மாதமே கேரளம் மருத்துவமனைத் தாக்குதல்களுக்கு எதிராக அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் வந்தது சரி. அந்த நேரத்தில் நம் மருத்துவமனைகளில் முன்னால் நிற்பவர் யார் என்பதில் ஒன்றும் மாறவில்லை. குடித்தவரையும் கைதியையும் கோபக்கார உறவினரையும் முதலில் எதிர்கொள்பவர் இன்றும் வயதில் சிறியவர்தான். மூத்தவர் ஆன் கால், கூப்பிட்டால் வருவார் என்ற கணக்கில் வீட்டில். 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் கொல்லப்பட்ட பிஜி மருத்துவர் நீண்ட டியூட்டியின் நடுவே ஓய்வெடுக்கப் போன இடம் ஒரு செமினார் ஹால். நம் மருத்துவமனைகளில் பெண் மருத்துவர்கள் இரவில் எங்கே படுக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். அந்த அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று தள்ளிப் பாருங்கள்.

உங்கள் பக்கத்து வாதங்களில் நியாயம் உண்டு. "நேரத்தைக் குறைத்தால் நோயாளி கைமாறிக்கொண்டே இருப்பார், யாருக்கும் முழுக் கதை தெரியாது" என்பீர்கள். சரிதான். அமெரிக்காவில் 2016-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, அறுவை சிகிச்சைப் பயிற்சி மருத்துவர்களின் ஷிஃப்ட் நீளத்துக்கான கட்டுப்பாட்டைத் தளர்த்திப் பார்த்து, நோயாளிகளின் இறப்பிலும் பெரிய சிக்கல்களிலும் வித்தியாசம் இல்லை என்றது. ஆனால் அந்த ஆய்வில் இரண்டு பக்கத்தவருக்கும் வாரத்துக்கு 80 மணி என்ற உச்சவரம்பு இருந்தது. நம்மிடம் வரம்பே இல்லை. கைமாற்றுவதற்கும் வழி இருக்கிறது. 2014-இல் ஒன்பது மருத்துவமனைகளில் நோயாளியை ஒப்படைக்கும் முறையை ஒழுங்குபடுத்தியபோது மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன. இந்த விஷயத்தில் இளையவர்களிடம் எனக்கும் வருத்தம் உண்டு. ஷிஃப்ட் முடிந்ததும் "பெட் நம்பர் 7 பார்த்துக்கோ" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டுப் போவது ஒப்படைப்பு ஆகாது. இதை அவர்கள் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும், கற்றுக்கொடுக்க உங்களைவிட்டால் ஆள் இல்லை. படுக்கைக்குப் பக்கத்தில் நின்று ஒரு நோயாளியின் கதையை இரண்டு நிமிடத்தில் சொல்ல உங்களுக்குத் தெரியும். நாங்கள் அப்படித்தான் உங்களிடம் கற்றோம்.

"ஆள் எங்கே?" என்பது அடுத்த கேள்வி. வாரத்துக்கு 168 மணி நேரம். காஸுவாலிட்டியில் ஒரு நாற்காலி எப்போதும் நிரம்பியிருக்க, 48 மணி வீதம் மூன்றரை ஆள் வேண்டும், விடுப்பையும் சேர்த்தால் நான்கைந்து பேர். மூன்றே பேர் இருந்தாலும் ஆளுக்கு 56 மணி. பிறகு 90, 100 மணி எங்கிருந்து வருகிறது? இரவு முடித்தவரையே காலை ஓபிக்கு உட்காரவைப்பதிலிருந்து வருகிறது. போஸ்ட்மார்ட்டம், கோர்ட் சாட்சி, முகாம், விஐபி டியூட்டி எல்லாவற்றையும் அதே மூன்று பேர் மேல் ஏற்றுவதிலிருந்து வருகிறது. காலியிடங்களை நிரப்பச் சொல்லி அரசிடம் கேட்போம், சேர்ந்தே கேட்போம். ஆனால் இருக்கிற ஆட்களுக்குள் இந்த அடுக்கைப் பிரிக்க யாருடைய கையெழுத்தும் வேண்டாம், உங்கள் கையெழுத்து போதும்.

அதனால் நான் கேட்பவை பெரிய விஷயங்கள் இல்லை. இரவு டியூட்டி முடித்தவர் ஒப்படைத்துவிட்டுக் காலை 9 மணிக்குள் வீட்டுக்குப் போகலாம் என்று சார்ட்டிலேயே எழுதுங்கள். வாயால் சொல்வது போதாது, எழுதினால்தான் அவருக்குப் போகத் தைரியம் வரும். வார விடுப்பைப் பெயர் போட்டுக் குறியுங்கள். ஷிஃப்ட் மாறும்போது அரை மணி நேரம் இரண்டு பேரும் சேர்ந்து இருக்கும்படி நேரத்தை அமையுங்கள். குற்றாலம் சீசனிலும் சபரிமலை சீசனிலும் நள்ளிரவு வரையாவது மூத்தவர் ஒருவர் காஸுவாலிட்டியில் உட்காரட்டும். முறை வைத்துக்கொண்டால் ஒருவருக்கு மாதத்தில் இரண்டு மூன்று இரவுதான் வரும். முதல் முறையை என் வயதுக்காரர்கள் எடுத்துக்கொள்கிறோம். 55 தாண்டியவர்களுக்கு இரவு வேண்டாம், அவர்கள் மாலை ஒப்படைப்பை நடத்தினால் அதுவே பெரிய உதவி. மொழிபெயர்க்கக் கூப்பிடப்படுபவருக்கு அதையும் டியூட்டியாகக் கணக்கில் எழுதுங்கள். பதிவு வேலையைச் செய்ய வேறு ஊழியர் கிடைக்கும்வரை யூனிட்டில் எல்லோரும் முறைவைத்துச் செய்யட்டும், உதவிப் பேராசிரியர் நிலையில் இருப்பவர்களும்தான்.

திட்ட வேண்டியது இருந்தால் அறைக்குள் கூப்பிட்டுத் திட்டுங்கள். நன்றாகச் செய்தால் நோயாளியின் கட்டில் பக்கத்திலேயே சொல்லுங்கள். இதைத் தனியாக எழுத வேண்டியிருப்பது எனக்கே சங்கடமாக இருக்கிறது. ஆனால் வேலையை விட்டுப் போனவர்களிடம் நான் பேசியபோது, தூக்கத்தைவிட அதிகமாக அவர்கள் சொன்னது இதைத்தான்.

அடுத்த மாத சார்ட் வழக்கம்போல 25-ஆம் தேதி எழுதப்படும். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நம் சங்கக் கட்டடத்தில் காலை 10 மணிக்கு இரண்டு யூனிட்டுகளுக்கான மாதிரி சார்ட்டோடு நாங்கள் நான்கைந்து பேர் இருப்போம். ஹவுஸ் சர்ஜன்களையும் டியூட்டி டாக்டர்களையும் வரச் சொல்லியிருக்கிறோம். உங்கள் மருத்துவமனையின் நடப்பு சார்ட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். எங்கள் கணக்கு எங்கே இடிக்கிறது என்று காட்டுங்கள், அங்கேயே உட்கார்ந்து திருத்திக்கொள்வோம்.

இப்படிக்கு,
உங்களிடம் படித்த,
செங்கோட்டைப் பக்கத்துப் பொது மருத்துவர் ஒருத்தி